சிறு ரிவால்வருக்கு ஏற்ற கைப்பிடி
பெங்களூரு அல்சூரில் கடை நடத்தும் என் மாமா உரிமம் பெற்று வைத்திருக்கும் .32 ரிவால்வரால் பயிற்சி செய்யும்போதெல்லாம், சுண்டுவிரல் பிடிமானமின்றித் தொங்குவதையும், கட்டைவிரலின் அடிச்சதை சிவந்துவிடுவதையும் கண்டேன்.

ரப்பர் கைப்பிடி உலோகச் சட்டகத்தின் பின்புறத்தையும் மூடினால், சுடும்போது கையில் விழும் உதைப்பு வெகுவாகத் தணிகிறது. ஆனால் சட்டைத் துணி அதில் ஒட்டிச் சுருண்டு, இடுப்பில் ஆயுதம் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வழவழப்பான மரப்பிடியில் அந்தத் தொல்லை இல்லை.

கைப்பிடியின் நீளம் கூடினால் கைக்குச் சுகம், மறைப்பதற்குச் சிரமம். நான் சுகத்தின் பக்கமே நிற்பேன், ஏனெனில் கை வலித்தால் பயிற்சியே நின்றுபோகும்.

தோட்டாக்களைத் தாங்கும் உருளை இடப்பக்கம் திறக்கும் வகையானால், கைப்பிடியின் இடப்பக்கப் பலகையின் மேல்விளிம்பு தடித்திருக்கக் கூடாது; காலித் தோட்டாக்கூடுகள் வெளியேறும்போது அதில் முட்டி நின்றுவிடும். பிடியைக் கழற்றுமுன் உருளையின் எல்லாத் தோட்டா அறைகளும் காலியா என்று இருமுறை பாருங்கள்.