வயது கலந்த வகுப்பு

மகள் படிக்கும் மாண்டிசோரி வகுப்பில் 6 முதல் 9 வயது வரை எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் நடுவில் ஒடுங்கிப் போவாளோ என்று முதலில் பயந்தேன்.

இன்று வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார்கள். மணிகளை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்குக் கம்பியில் கோத்த மணிகள், நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். ஒன்றுகள் 13 ஆனதும் திகைத்துவிட்டாள். பக்கத்துப் பாயில் இருந்த எட்டு வயதுப் பையன் விடை சொல்லவில்லை. "பத்தை எண்ணி எடுத்துக் கொண்டுபோய் மாத்திட்டு வா" என்றான், அவ்வளவுதான். பத்து ஒற்றை மணிகளைக் கொடுத்து ஒரு பத்துக் கம்பி வாங்கி வந்தாள். 'மூன்று போட்டு ஒன்று மேலே' என்று நாம் ஒப்பித்ததை அவள் கையில் பிடித்துப் பார்த்தாள்!

அந்தப் பையனின் நேரம் வீணாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கே எது தெளிவாக இல்லை என்று தெரியவரும். 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி 'குழந்தைகள் இல்லம்' என்ற பெயரில் தொடங்கிய முதல் பள்ளியிலும் வயது கலந்துதான் இருந்தது.

அப்புறம், ஆசிரியர் எல்லாவற்றையும் கவனித்தார், ஆனால் குறுக்கே வரவில்லை. அந்தப் பொறுமை லேசில் வராது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "எனக்கு எப்போ எட்டு வயசாகும்?"