அமுதன் மன்னிக்கத்தான் வேண்டுமா? – ஒரு நாவல் எழுதும் நாட்குறிப்பு

மார்ச் 4

நாவலை எங்கே தொடங்குவது என்று இன்று தெரிந்துவிட்டது. கவின் பள்ளி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறான். மணி அடித்துவிட்டது. உள்ளே போகவில்லை.

விபத்திலிருந்து ஆரம்பிக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. வேண்டாம். விபத்தை யார் வேண்டுமானாலும் விறுவிறுப்பாக எழுதிவிடலாம். அதற்குப் பின்னால் வருகிற சாதாரணத் திங்கட்கிழமைகளை எழுதுவதுதான் பெரும்பாடு.

கதை இவ்வளவுதான். கவினுக்கு வயது பதினேழு. போன வருடம் நண்பர்கள் பார்க்க வேண்டும் என்று பைக்கை முறுக்கினான். பின்னால் இருந்த அமுதனுக்கு வலது முழங்கால் போயிற்று. அமுதன் ஓட்டக்காரன். கவினுக்குச் சிராய்ப்போடு சரி. இப்போது இருவரும் மறுபடி ஒரே வகுப்பில்.

இளையோர் நாவலில் இந்த மாதிரிக் கதைக்கு ஒரு தேய்ந்த தடம் உண்டு: தப்பு, தவிப்பு, திருந்தல், மன்னிப்பு, கட்டிப்பிடித்தல். கடைசி இரண்டும் எனக்கு நெருடுகின்றன. கவின் திருந்தினால் அது அவன் பாடு. அதற்காக அமுதன் ஏன் மன்னிக்க வேண்டும்?

மார்ச் 9

கவின் ஏன் அப்படி ஓட்டினான்? முதல் வரைவில் குடிகார அப்பா, வீட்டில் சண்டை என்றெல்லாம் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நல்ல வீட்டுப் பையன்தான். சுவரில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் விசிலடித்தார்கள், அது போதும்.

போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்டது. திரையில் கார் ஓடும், விளக்கு மஞ்சளுக்கு மாறும். நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்பதா என்று ஆடுபவர் முடிவெடுக்க வேண்டும். சிலரைத் தனியாகவும் சிலரைத் தங்கள் வயதுக்காரர்களோடும் ஆட வைத்தார்கள். கூட ஆள் இருந்தபோது துணிச்சல் கூடியது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைவிட 13 முதல் 16, 18 முதல் 22 வயதுக்காரர்களிடம் அது அதிகமாகவே கூடியது.

ஆனால் இதைக் கவின் வாயில் வைக்க மாட்டேன். காரணம் வேறு, சாக்கு வேறு. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது காரணம்; அமுதனிடம் போய்ச் சொன்னால் அதுவே சாக்கு.

மார்ச் 17

நடுப்பகுதி இழுக்கிறது. கவின் எத்தனை அத்தியாயத்தில் மாறுவான்?

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 96 பேர் சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி சம்பந்தமாக ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அது தன்னால் நடக்கிற அளவுக்கு வர, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுமதிப்பு 66. எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம்: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதகம் இல்லையாம்.

தண்ணீர் குடிக்கிற பழக்கத்துக்கே இந்தப் பாடு என்றால், 'எல்லாரும் என்னைப் பார்க்கணும்' என்ற அரிப்பு எத்தனை நாளில் அடங்கும்? ஆகவே கவின் ஒன்பதாம் அத்தியாயத்தில் மறுபடி சறுக்குகிறான். பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பில் ஒரு சின்னப் பையனைக் கேலி செய்து கைதட்டு வாங்குகிறான். கைதட்டு பிடித்தும் இருக்கிறது. அந்தப் பிடித்திருந்ததைத்தான் எழுத வேண்டும்.

மார்ச் 18

எழுதினேன். கவினை எனக்கே பிடிக்கவில்லை. நல்லது.

மார்ச் 26

அமெரிக்க எழுத்தாளர் எஸ்.இ. ஹிண்டனின் இளையோர் நாவல் 'தி அவுட்சைடர்ஸ்' மறுபடி படித்தேன். 1967இல் அது வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. எழுதத் தொடங்கியது பதினைந்தில். அறிவுரை சொல்கிற பெரியவர் குரல் அதில் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. அவ்வளவு சாவுக்கும் சண்டைக்கும் பிறகு, கதையைச் சொல்கிற பதினாலு வயது போனிபாய்க்கு இரண்டாவது வாய்ப்பு எந்த ரூபத்தில் வருகிறது? ஆங்கில ஆசிரியர் தருகிற ஒரு கட்டுரை வேலையாக. நன்றாக எழுதினால் பாஸ் போடுகிறேன் என்கிறார். அவன் எழுதுகிற கட்டுரைதான் நாம் படித்துக்கொண்டிருந்த புத்தகம். அது வாய்ப்பு மாதிரியே தெரிவதில்லை, வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது.

கவினுக்கும் அந்த அளவில் ஒன்று போதும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கும் பொறுப்பு. உடைகிற சாமான். யாரும் பார்க்காத வேலை.

ஏப்ரல் 2

படிக்கட்டுக் காட்சி முடிந்தது. இந்த நாவலில் இதுவரை எனக்கு நிறைவாக வந்தது இதுதான்.

அமுதன் கீழே இறங்குகிறான். இடக்கையில் புத்தகங்கள், வலக்கை கம்பியில். ஒவ்வொரு படிக்கும் முதலில் வலது காலை இறக்கி, பிறகு இடது காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்க்கிறான். தோளில் பை நழுவுகிறது. பின்னால் வரும் கவின் கை நீட்டுகிறான். அமுதன் திரும்பாமலே நின்று, புத்தகங்களைக் கம்பிக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பையை மற்றத் தோளுக்கு மாற்றுகிறான். பிறகு அடுத்த படி. "நீ முன்னாடி போ" என்கிறான்.

கவின் முன்னால் போகிறான். மெதுவாகப் போவதா, வேகமாகப் போவதா என்று தெரியாமல் போகிறான்.

ஏப்ரல் 11

மன்னிப்புக் கடிதம். கவின் எழுதி எழுதிக் கிழிக்கிறான். முதலில் "ஆனால்" வருகிற வரிகளெல்லாம் போகின்றன. அப்புறம் "நானும் தூங்கவில்லை" போகிறது. அது அமுதனிடம் ஆறுதல் கேட்கிற வரி. கடைசியில் "என்னை மன்னித்துவிடு" என்பதும் போகிறது. அதில் மன்னிப்பதும் அமுதன் தலையில் விழுகிற ஒரு வேலையாகிவிடுகிறது. மிஞ்சுவது: நான் செய்தது இது, அதனால் உனக்குப் போனது இது, பதில் எழுத வேண்டாம்.

அமுதன் பதில் எழுதவில்லை. நாவல் முடியும்வரை எழுத மாட்டான். வாசகர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஏப்ரல் 20

தெரிந்தவர் மகளிடம் வரைவைக் கொடுத்திருந்தேன். பதினாறு வயது, தாட்சண்யம் பார்க்காத ஆள். மன்னிப்பு இல்லாதது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. அவள் கேட்டது வேறு: "அமுதனுக்கு வேற வேலையே இல்லையா? கவின் வரும்போதுதான் வர்றான், கவினுக்குக் குற்ற உணர்ச்சி குடுத்துட்டுப் போயிடறான்."

இரண்டாவது வாய்ப்பு கவினுக்குக் கிடைக்குமா என்று பக்கம் பக்கமாக அலசுகிற நாவலில், ஓட முடியாமல் போனவனுக்கு என்ன வாய்ப்பு என்று ஒரு வரியும் இல்லை. இனி அமுதனுக்குத் தனி அத்தியாயங்கள், அவன் குரலிலேயே. அவற்றில் முதலாவதில் அவன் மைதானத்துக்குத் திரும்பி வருகிறான். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரம் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. ஸ்டாப்வாட்ச் அவன் கையில். ஒருத்தி அவனுடைய பழைய நேரத்தை நெருங்குகிறாள், அவனுக்குப் பொறாமையாக இருக்கிறது. கவின் பெயர் அந்த அத்தியாயத்தில் வராது.

நூறு மீட்டரா, நானூறா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. நானூறாக இருந்தால் அவன் யோசிக்க ஒரு நிமிடமாவது கிடைக்கும்.