தாம்பாளத்து அரிசியில் டொச் எழுத்து

போன செவ்வாய்க்கிழமை, இங்கே ஜேர்மனியில் எங்கள் டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பில் படிக்கும் எரித்திரியப் பெண் ஒருவரோடு ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்தின் அடியில் அவர் தன் திக்ரிஞ்ஞா எழுத்தில் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "எழுதத் தெரியாதென்றால் மூன்று சிலுவை போடச் சொல்லுங்கள்" என்றார். எங்களூரில் பெருவிரல் அடையாளம் வைப்பது மாதிரி இங்கே அது ஒரு பழைய வழக்கம். எனக்குக் காது சூடாகிவிட்டது. 1998இல், இதே நாட்டில், இதே சொல்லை எனக்கும் ஒருவர் சொன்னார். நான் தமிழில் கையெழுத்து வைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருகோணமலையில் ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை முடித்துவிட்டு வந்தவள். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கே நான்தான் கடிதம் எழுதுகிற ஆள். சவூதிக்கும் கட்டாருக்கும் போன பிள்ளைகளின் கடிதம் வந்தால் முதலில் நான்தான் வாசிக்க வேணும். பின்வீட்டு மாமி திண்ணையில் வந்து குந்தி, "பிள்ளை, அவன்ட காசு கிடைச்சது எண்டு எழுது, ஆனா காணாது எண்டு எழுதாத" என்று சொல்லுவா. கூலியாக ஒரு கோப்பை சூடை மீன் வரும். அப்படி ஊருக்கே எழுதிக் கொடுத்த கையிடம் சிலுவை கேட்டால் எப்படி இருக்கும்?

அகதி வழக்கு முடியாமல் இருந்த எங்களுக்கு அந்த நாளில் அரசாங்கம் மொழி வகுப்பு எதுவும் தரவில்லை. 600 மணித்தியால மொழிப் பாடத்தோடு ஒருங்கிணைப்பு வகுப்பு என்று சட்டத்தில் வந்ததே 2005இல்தான், அதுவும் வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு. அதனால் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த சின்ன ஊரில், ஓய்வுபெற்ற இரண்டு ரீச்சர்மார் தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். ஆறு பேர், ஒரு மேசை, ஒரு கோப்பிக் கேத்தல். சம்பளம் இல்லை, பதிவு இல்லை, பரீட்சையும் இல்லை. முதல் நாள் அதில் மூத்தவர் என்னிடம் ஒரு கடதாசியைத் தந்து, "உங்கள் பெயரை உங்கள் எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்" என்றார். எழுதினேன். அதைச் சுவரில் ஒட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று அவருக்குச் சொல்ல அப்போது எனக்கு டொச் இல்லை.

அந்த மேசையிலிருந்து வளர்ந்த எங்கள் மொழி நிலையத்தில் இன்றைக்கும் முதல் வேலை அதுதான், யார் வந்தாலும் முதலில் அவரவர் எழுத்து. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது, எனக்கு இந்த ஊர் நன்றாகவே பழகிவிட்டது. ஹம்மில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, தேருக்குப் போகிறோம், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில் ஆடுகிறார்கள், குறையில்லை. ஆனால் அந்தக் கால்வாயில் அலை இல்லை. கோணேசர் மலையில் நின்று கீழே பார்த்தால் கேட்கிற அந்த இரைச்சலை என் காது இங்கே எங்கெங்கோ தேடும்.

ஒருமுறை படம் பார்த்துச் சொல் படிக்கும் பாடத்தில் மான் வந்தது. எங்களூரில் மான்கள் றோட்டில் படுத்திருக்கும், கோட்டை வாசலால் தங்கள் பாட்டுக்கு வந்து போகும், வாகனம்தான் விலத்திப் போகும் என்று சொன்னேன். மேசை முழுக்கச் சிரிப்பு. தங்கச்சி போனில் படம் அனுப்பின பிறகுதான் நம்பினார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை ஒருவரும் மறக்கவில்லை.

2015இல்தான் நிலையம் உண்மையாக வளர்ந்தது. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்களால் பின்னறை நிரம்பி, பெரிய மண்டபமும் நிரம்பி, வாசலில் கதிரை போட்டோம். அதற்குள் நான் படிப்பிக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டேன். அந்த ஒக்டோபரில் ஒரு ஆப்கான் அம்மம்மா வந்தார். வாழ்க்கையில் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். பென்சிலைக் கையில் கொடுத்தால் நடுக்கம், கீழே வைத்துவிடுவார். மூன்று கிழமை அப்படியே போனது. விஜயதசமி அன்று காலையில் சாமியறையில் நிற்கும்போது எனக்கு ஏடு தொடக்கியது நினைவு வந்தது: காளி கோயில், அப்பாவின் மடி, தாம்பாளத்தில் பச்சை அரிசி, ஐயர் என் விரலைப் பிடித்து எழுதுவித்த ஆனா. உடனே தாம்பாளத்தையும் அரிசியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அரிசியைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. கல் பொறுக்கிய கைதானே, அரிசிக்கு எதற்குப் பயப்பட வேணும்! பக்கத்தில் இருந்த ஆப்கான் பெடியன் விரலைப் பிடித்து, அவர்களுடைய முதல் எழுத்தான அலிஃப் போடுவித்தான். மேலிருந்து கீழே ஒரே ஒரு கோடு. அதே கோடுதான் டொச்சில் 'ஈ' (I) என்று சொன்னேன். அவர் தட்டைக் குலுக்கி அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். திரும்பவும் குலுக்கினார். பிழை விட்டால் அடையாளமே இல்லாமல் போவதுதான் அவருக்குப் பிடித்தது. கிறிஸ்மஸுக்கு முன் பென்சிலால் தன் பெயரை எழுதினார். அந்தக் கடதாசி இன்னும் சுவரில் இருக்கிறது.

அதிலிருந்து ஒவ்வொரு வருசமும் தாம்பாளம் வைக்கிறோம். 2020இல் கொரோனாவால் கதவு பூட்டி, போனில் பாடம் நடத்தியபோது மட்டும் இல்லை. 2022இல் உக்ரேனிலிருந்து வந்தவர்களில் ஒரு வைத்தியரும் இருந்தார், அவரும் அரிசியில் தன் எழுத்தைப் போட்டுத்தான் தொடங்கினார். இப்போது நாலு அறை, முப்பது தொண்டர்கள், அதில் பாதிப்பேர் எங்கள் மேசையில் படித்தவர்களே. முதலாம் வருசம் ஒரு தாம்பாளம், போன வருசம் ஆறு. எழுதி முடித்த அரிசியை ஒன்றாகச் சேர்த்துச் சக்கரைப் பொங்கல் பொங்குவேன், யாரும் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை.

சரி, அந்த அலுவலகத்துக்கு வருகிறேன். அது அந்தப் பெண்ணுடைய கையெழுத்துத்தான், அவருடைய மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு என்று நான் விளக்கினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழும்பிப் போய் வேறு ஆளிடம் கேட்டு வந்து ஏற்றுக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் கதைக்கும்போது, இந்த முறை எத்தனை கிலோ வாங்குவாய் என்று கேட்டா. பத்து என்றேன். பச்சை அரிசியாகப் பார்த்து வாங்கு, புழுங்கலில் எழுத்துத் தொடக்குவதில்லை என்றா. எரித்திரியத் தங்கச்சி, முதல் தட்டு தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறா. அன்றைக்குப் படிவத்தில் வைத்த அதே கையெழுத்தை அரிசியில் பெரிதாகப் போட்டுக் காட்டப்போகிறாவாம்.