மின்தாள் போனில் ஆறு வாரம்

இந்தப் போனை வாங்கியதற்குப் பெரிய கொள்கைக் காரணம் எதுவும் கிடையாது. 'போன் பழக்கத்தையே விடப்போகிறேன்' வகையறாவும் இல்லை. எனக்குப் பகல் வெளிச்சத்தில் வெளியே உட்கார்ந்து படிக்கிற பழக்கம். சாதாரணப் போனில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாலும் எழுத்தைவிட என் முகம்தான் அதில் நன்றாகத் தெரியும். அச்சிட்ட தாள் போலத் தெரியும் மின்தாள் (இ-பேப்பர்) திரை கொண்ட வாசிப்பான் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் படிக்க வேண்டியதில் பாதி போனில்தான் வந்து சேருகிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, கைமாறி வந்த ஒரு கறுப்பு-வெள்ளை மின்தாள் போனை வாங்கினேன். ஆண்ட்ராய்டு, சிம் போடலாம், திரை 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கீழே நிறையத் திட்டப்போகிறேன்.

முதல் நாள்

செட்டிங்ஸ் பட்டியலை விரலால் மேலே தள்ளினேன். எழுத்துகள் தேய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒருவழியாக நின்றன. நின்ற பிறகும் பின்னால் பழைய வரிகளின் சாயல். ஈரமில்லாத துணியால் கரும்பலகையைத் துடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

உள்ளே நடப்பது தெரிந்தால் கோபம் பாதி குறைகிறது. திரை முழுக்கத் தலைமுடியின் தடிமன் அளவிலான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு திரவம், அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, பெயின்ட்டில் சேர்க்கிற அதே பொருள். வெள்ளைக்கு ஒரு மின்னூட்டம், கறுப்புக்கு அதற்கு எதிர். பின்னாலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே மிதந்து வரும், மற்றது அடியில் ஒதுங்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை இருந்த இடத்திலேயே நிற்கும். ஆக, இங்கே ஓர் எழுத்து மாறவேண்டும் என்றால் நிஜமாகவே ஒரு பொருள் இடம் பெயர வேண்டும். திரவத்துக்குள் நீந்திப் போக நேரம் வேண்டாமா? 16 சாம்பல் படிகளோடு சுத்தமாக வரைய ஏறத்தாழ அரை நொடி பிடிக்கும். அவசரம் என்றால் ஏ2 என்று ஒரு வேகமுறை உண்டு. சாம்பலைக் கைவிட்டுக் கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் வைத்துச் சட்டென்று வரைந்துவிடும். ஆனால் எல்லாத் துகளும் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த மிச்சம்தான் நிழல்.

நிழலைப் போக்க முழுத் திரையையும் ஒருமுறை கறுப்பாக்கி வெள்ளையாக்க வேண்டும். அதற்கென்றே பக்கவாட்டில் ஒரு பொத்தான். முதல் நாள் அதை எத்தனை முறை அமுக்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டாம் நாள்

போன் மென்பொருள் செய்கிறவர்களுக்கு எதையாவது ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சன்னல் வழுக்கிக்கொண்டு வரும், பொத்தான் ஊதிச் சுருங்கும். வண்ணத் திரையில் இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. இங்கே ஒவ்வோர் ஆட்டமும் ஒரு கறை.

'பில்ட் நம்பர்' மேல் 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தேன். விண்டோ, ட்ரான்சிஷன், அனிமேட்டர் என்று மூன்று அனிமேஷன் அளவுகள் இருக்கும். மூன்றையும் அணைத்தேன். போன் பாதி வேகம் கூடிவிட்ட மாதிரி ஒரு பிரமை. டார்க் மோடையும் எடுத்துவிட்டேன். தானாக ஒளி விடாத திரையில் அதனால் ஒரு லாபமும் இல்லை, கறுப்புப் பின்னணியில் நிழல்தான் இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. முகப்பில் ஐகான்களை எல்லாம் நீக்கி, வெறும் பெயர்ப் பட்டியலாகக் காட்டும் ஓலாஞ்சர் என்ற முகப்புச் செயலியைப் போட்டேன். வண்ணம் போன பிறகு ஐகான்களில் பாதி ஒரே மாதிரி சாம்பல் சதுரங்கள்தான்.

ஐந்தாம் நாள்: புள்ளி காணாமல் போனது

ஸ்க்ரோல் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று உலாவியை ஏ2 முறையில் வைத்திருந்தேன். ஒரு கட்டுரையைத் திறந்தால் 'பக்கத்து வீட்டில்' என்பது 'பககதது வீடடில' என்று நிற்கிறது. எல்லா மெய்யெழுத்தும் தலையில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டன.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று. படிக்கிறவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். நானும் இரண்டு பக்கம் சுவடி வாசிப்பவனாக இருந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் தலை வலித்தது.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போனது. இணையப் பக்கங்களில் எழுத்து முழுக் கறுப்பில் இருப்பது அபூர்வம். அடர்சாம்பல்தான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று வடிவமைப்பவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஏ2 முறைக்குச் சாம்பல் தெரியாது. அதனால் கறுப்புப் பொட்டுகளை அங்கங்கே தூவிச் சாம்பல் மாதிரி காட்டப் பார்க்கும். அந்தத் தூவலுக்கு நடுவே நம் புள்ளியும் இன்னொரு பொட்டு. அது நிற்பதும் போவதும் அதிர்ஷ்டம். ஆங்கில எழுத்தில் கோட்டில் ஒரு துளி குறைந்தால் யாருக்கும் தெரியாது. தமிழில் அந்த ஒரு துளிதான் ஓர் எழுத்து உயிர்மெய்யா மெய்யா என்பதையே முடிவு செய்கிறது.

வைத்தியம் மூன்று. அணுகல்வசதி செட்டிங்ஸில் 'ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் செயலிகளில் எழுத்து முழுக் கறுப்பாகும். எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழில் ஒரு படி தடித்த வடிவத்துக்கு மாற்றினேன். மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்து வரும் அழகான எழுத்துருக்கள் இந்தத் திரையில் பாதி எழுத்தைத் தின்றுவிடுகின்றன, அதில் எனக்கு வருத்தம்தான். மூன்றாவது, உலாவியை மாற்றியது. இ-இங்க்ப்ரோ என்று மின்தாள் திரைக்காகவே செய்த திறமூல உலாவி உண்டு. எழுத்தைத் தடிக்க வைக்கலாம், வால்யூம் பொத்தானை அமுக்கினால் பக்கம் பக்கமாகத் தாண்டும்.

மூன்றிலும் கடைசியதுதான் பெரிய விஷயம் என்று அப்புறம்தான் புரிந்தது. பக்கமாகத் தாண்டினால் வேகமுறையே தேவையில்லை. ஸ்க்ரோலை விட்டதும் ஏ2வை விட்டேன், ஏ2வை விட்டதும் புள்ளி திரும்பி வந்தது. புத்தகங்களுக்குக் கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலி. அதிலும் வால்யூம் பொத்தான்தான்.

ஆறாம் நாள்

வெயிலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள்: தட்டச்சு

தமிழ்99 விசைப்பலகையில் 'கொடு' என்று அடிக்க வேண்டும். க அடித்ததும் க வருகிறது. அடுத்து ஒ அடித்ததும் அந்தக் க எழுந்து வலப்பக்கம் நகர்ந்து, அது இருந்த இடத்தில் ஒற்றைக்கொம்பு வந்து உட்கார வேண்டும். உட்கார்கிறது. ஆனால் கொம்புக்குப் பின்னால் பழைய க இன்னும் லேசாக நிற்கிறது. வேறு இடம் பார்த்துப் போனவர் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கா, கி, கு வரிசைக்கு இந்தத் தொல்லை இல்லை, குறி வலப்பக்கமோ தலையிலோ காலிலோ ஒட்டிக்கொள்வதால்.

விசையை அமுக்கும்போது பொங்கி எழும் எழுத்துக்குமிழை அணைத்தேன். மேலே ஓடும் சொல் பரிந்துரைப் பட்டையையும் அணைத்தேன், ஒவ்வோர் எழுத்துக்கும் அது முழுசாக மாறித் தொலைக்கிறது. இப்போது திரையைப் பார்க்காமல் ஒரு வரியை அடித்து முடித்துவிட்டு, பிறகு நிமிர்ந்து பார்க்கிறேன். பிழை குறைந்திருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன்.

பன்னிரண்டாம் நாள்

அக்கா இரண்டு படம் அனுப்பினாள். அறைச் சுவருக்கு எது?

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா" என்று பதில் போட்டேன்.

"ஒண்ணு இளம்பச்சை, ஒண்ணு ரோஸ்டா. கண்ணு கிண்ணு போச்சா?"

வெளுப்பு ஒரே அளவு இருந்தால் பச்சையும் ரோஸும் இங்கே அண்ணன் தம்பி. வரைபடத்திலும் இதே சிக்கல், ஆறும் சாலையும் ஒரே சாம்பல். கேமராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், படம் எடுத்தது மங்கலா தெளிவா என்று பிறகு கணினியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒன்றே ஒன்று நன்றாக இருக்கிறது, க்யூஆர் கோடு. கறுப்பு, வெள்ளை, அசையாது. வெயிலில் நீட்டினாலும் உடனே ஸ்கேன் ஆகிறது.

பதினேழாம் நாள்: பேட்டரி துப்பறிதல்

வாசிப்பான் மாதிரி வாரக்கணக்கில் வரும் என்று நினைப்பவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். திரை சாப்பிடாவிட்டாலும் சிம்மும் வைஃபையும் சாப்பிடும். நாலு நாள் வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் நியாயமான ஆசைதான். ஆனால் ஒருநாள் இரவு 80 சதவீதத்தில் வைத்துவிட்டுத் தூங்கினேன், காலையில் 31.

மறுநாள் இரவும் அப்படியே. எந்தச் செயலி என்று பட்டியலைப் பார்த்தால் 'திரை' என்று வருகிறது. மின்சாரமே தின்னாது என்று பெருமையடித்த திரை. போனைக் கையில் எடுத்து ஐந்து நிமிடம் சும்மா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்புச் செயலி திறந்து கிடக்கிறது, பாதி எழுதிய வரி, அதன் முடிவில் கர்சர். துடிக்கிறது. வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. தாள்போலத்தானே என்று 'திரை அணையவே வேண்டாம்' என்று நானே வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க ஒரு குச்சியை வரைந்து அழித்து, வரைந்து அழித்து, அதற்காக ப்ராசஸரையும் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது.

அதன் பிறகு ஆடுகிற பொருள் எது என்று தேடுவதே வேலையாகிவிட்டது. பாட்டுச் செயலியில் நொடிக்கு நொடி நகரும் கோடு. இணைப்பு இல்லாத இடத்தில் முடிவில்லாமல் சுற்றும் வட்டம். முகப்புக் கடிகாரத்தில் நொடி காட்டும் எண்கள். ஒவ்வொன்றையும் அணைத்த பிறகு நாலரை நாள் வருகிறது.

இருபத்து மூன்றாம் நாள்

காலையில் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தேன், 6:10. இன்னும் நேரமிருக்கிறதே என்று படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் 6:10. வெளியே வெயில் ஏறிவிட்டது. போன் எப்போதோ உறைந்து நின்றுபோயிருக்கிறது, பூட்டுத்திரையில் கடைசியாக வரைந்த நேரம் மட்டும் கணக்காக நிற்கிறது. செத்தும் கொடுத்தார் சீதக்காதி என்பார்கள். இது செத்தும் நேரம் காட்டியது, தப்பான நேரம். மற்றப் போன்கள் செத்தால் கறுத்துப்போகும், அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது எழுப்ப ஒரு பழைய அலாரக் கடிகாரம்.

முப்பதாம் நாள்: பழைய ஆட்கள்

இப்படி ஒரு போன் செய்யலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியது என்று தேடிப் படித்தேன். இந்த மின்தாளைச் செய்யும் இ-இங்க் நிறுவனம் 1997ல் எம்ஐடி ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியது. 2006லேயே மோட்டோரோலா மோட்டோஃபோன் எஃப்3 என்ற மலிவுப் போனில் மின்தாள் திரை வைத்துவிட்டது, எண்ணும் எழுத்தும் மட்டும் காட்டுகிற கட்டங்கள். 2013ல் ரஷ்யாவிலிருந்து யோட்டாபோன். முன்னால் சாதாரணத் திரை, முதுகில் மின்தாள். அடுத்த ஆண்டு வந்த யோட்டாபோன் 2ல் முதுகுத் திரையையும் முழுக்கத் தொட்டு இயக்கலாம். 2019ல் ஹைசென்ஸ் ஏ5, ஒரே திரை, அதுவும் மின்தாள். 2023ல் வந்த பூக்ஸ் பால்மா போன் வடிவத்தில் இருக்கும், ஆனால் சிம் கிடையாது.

என்னைக் கேட்டால் யோட்டாக்காரர்கள் யோசித்ததுதான் புத்திசாலித்தனம். ஆடுகிற வேலைக்கு ஒரு பக்கம், ஆடாத வேலைக்கு ஒரு பக்கம். வண்ண மின்தாள் போன்களும் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைத் திரையின் மேலேயே வண்ண வடிகட்டியைப் போர்த்துகிறார்கள். வண்ணத்தில் நுணுக்கம் குறைந்து, வெள்ளையும் மங்கிவிடுகிறது. வெயிலில் படிக்க வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

நாற்பத்திரண்டாம் நாள்

சிம் இதில்தான் இருக்கிறது. பழைய போன் மேசை இழுப்பறையில், வைஃபையில் மட்டும், வீடியோ அழைப்புக்கும் வரைபடத்துக்கும். பக்கவாட்டுப் பொத்தானை இப்போது ஒரு நாளைக்கு நாலைந்து தடவைதான் அமுக்குகிறேன். கண் பழகிவிட்டதா, நிழல் குறைந்துவிட்டதா, இரண்டும் இருக்கலாம். தீராத குறை இரண்டு. தமிழ்த் தட்டச்சில் அந்தக் கொம்பு நிழல். பின்பையில் வைத்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற பயம், உள்ளே இருக்கும் தகடு மெல்லிய கண்ணாடி.

அக்கா இப்போதெல்லாம் படத்தோடு நிறத்தின் பெயரையும் எழுதியே அனுப்புகிறாள். நேற்று கதவுக்கு ஒன்று வந்தது: "இது சந்தனக் கலர். உனக்குச் சாம்பலாத்தான் தெரியும். நல்லா இருக்குன்னு சொல்லு."

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.