ஜெரி நோலனின் டிரம்ஸ்

முதல் தடவை அந்த எல்பி இசைத்தட்டைப் போட்டபோது ஊசியில் தூசி என்றுதான் நினைத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே சத்தம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான்கு பேர் வாசிக்கிற மாதிரி. நியூயார்க்கின் பங்க் ராக் குழுவான ஹார்ட்பிரேக்கர்ஸின் 'எல்.ஏ.எம்.எஃப்.', 1977 அக்டோபரில் லண்டனில் வெளியான ஆல்பம்.

அவ்வளவு மங்கலிலும் ஒன்று தெளிவாகக் கேட்டது: இது 1950களின் ராக் அண்ட் ரோல் கிட்டாரிஸ்ட் சக் பெர்ரி வழி வந்த சங்கீதம். குழுவின் பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜானி தண்டர்ஸ் வாசிப்பது லெஸ் பால் ஜூனியர், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றே ஒன்று உள்ள எலெக்ட்ரிக் கிட்டார். சோலோ வரும்போது இரண்டு கம்பிகளைச் சேர்த்து அடித்து, அப்படியே மேலே இழுப்பார். 1950களின் கிட்டார்தான், வேகமும் முரட்டுத்தனமும் கூடியிருக்கிறது. சில இடங்களில் சுருதி விலகும். விலகட்டும், அந்த இடத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

தண்டர்ஸும் டிரம்மர் ஜெரி நோலனும் 1975இல் நியூயார்க் டால்ஸ் என்ற ராக் குழுவை விட்டு வந்தவர்கள். வால்டர் லூர் இன்னொரு கிட்டார், பில்லி ராத் பாஸ். 1976 டிசம்பரில் பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸோடு ஊர் ஊராக வாசிக்க இங்கிலாந்து போனார்கள். பாதிக்கு மேல் நிகழ்ச்சிகள் ரத்தாகின. ஆனாலும் லண்டனிலேயே தங்கி இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள்.

பதிவு நன்றாகத்தான் வந்திருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் அளவு பார்த்துச் சேர்க்கிற மிக்ஸிங்கில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. மாற்றி மாற்றி மிக்ஸ் செய்தும் யாருக்கும் திருப்தி இல்லை. ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்த நோலனுக்குத் தன் டிரம்ஸ் இப்படி அமுங்கிப் போனதைத் தாங்க முடியவில்லை. குழுவை விட்டே விலகினார். அவர் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது. எல்லாரும் ஓடும்போது லேசாகத் துள்ளிக்கொண்டு பின்னால் வருகிற அடி அவருடையது. பங்க் டிரம்மர்களில் இப்படி ஆட வைப்பவர்கள் குறைவு. எல்பியில் முதலில் காணாமல் போனதே அதுதான்.

அந்த ஆல்பத்தின் பழைய மாஸ்டர் டேப்பின் (மூல ஒலிநாடாவின்) நகல் ஒன்று கிடைத்து, 2021இல் அதிலிருந்து புதிய பதிப்பு வந்தது. 'பார்ன் டு லூஸ்' பாட்டை வைத்தேன். ஸ்னேர் டிரம்மின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, காய்ந்த விறகு முறிகிற சத்தத்தில் விழுந்தது. அன்றைக்கு அந்த ஒரு பாட்டையே ஆறு தடவை கேட்டேன்.

தண்டர்ஸ் 1991இல் போய்விட்டார், நோலன் 1992இல், ராத் 2014இல். கடைசியாக லூர், 2020 ஆகஸ்டில். இந்தப் பதிப்பை நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை.