இரண்டு தடவை வரும் டி மார்க்

ஐ.டி.ஐ.யில் டூ வீலர் மெக்கானிக் பிரிவில் சேர்வதற்கு முன்பே இரண்டு வருடம் ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தவன் நான். தியரியெல்லாம் நமக்கு எதுக்கு என்றுதான் போய் உட்கார்ந்தேன். முதல் மாதத் தேர்விலேயே அந்த மிதப்பு இறங்கிவிட்டது.

கடையில் நாங்கள் 'கோன் செட்' என்பது புத்தகத்தில் ஸ்டீயரிங் ஹெட் பேரிங். 'மேக்னட்' அங்கே ஃப்ளைவீல் மேக்னெட்டோ. 'பிக்கப்' இன்னும் மோசம். "வண்டியில பிக்கப்பே இல்ல" என்று ஒருவர் வந்தால், முறுக்கினால் வேகம் எடுக்கவில்லை என்று பொருள். கேள்வித்தாளில் வரும் பிக்கப் காயிலோ, பிளக்கில் எந்த நேரத்தில் பொறி விழ வேண்டும் என்று சிக்னல் கொடுக்கிற பாகம். அதனால் ஒரு நோட்டில் இடப்பக்கம் கடைப் பெயர், வலப்பக்கம் புத்தகப் பெயர் என்று எழுத ஆரம்பித்தேன். கடையிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு இது உதவும். நேராகப் பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கும்தான், அவர்கள் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஆனால் பெயர் தெரிந்துவிட்டால் போதாது என்பதை பிராக்டிகலில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டேப்பெட் செட் பண்ணச் சொன்னார்கள், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். கடையில் நூறு தடவை பார்த்த வேலை. ஆறிய இன்ஜின், பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்ட ஃப்ளைவீலில் இருக்கும் 'டி' மார்க்கை கேஸிங்கில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தினேன், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. சரி, டைட்டாக இருக்கிறது என்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, இடைவெளி வைத்து, லாக் நட்டை இறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணியதும் ஹெட்டிலிருந்து டக் டக் டக் என்று தையல் மெஷின் சத்தம்.

"தம்பி, டி மார்க் எத்தனை தடவை வரும்?" என்று மட்டும் கேட்டார் மாஸ்டர்.

நான்கு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றும். பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும், டி மார்க்கும் இரண்டு தடவை நேராகும். ஒன்று, உள்ளே வந்த கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் முடிவில். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். இன்னொன்று, புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் முடிவில். அப்போது இரண்டுமே கொஞ்சம் திறந்திருக்கும். நான் நிறுத்தியது இந்த இரண்டாவதில். திறந்திருந்த வால்வுக்கு இடைவெளி வைத்ததால், அது மூடியதும் இடைவெளி அதிகமாகிவிட்டது, அதுதான் அந்தச் சத்தம். இப்போது டி மார்க் வந்ததும் ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டிப் பார்ப்பேன். லேசாக ஆடினால் சரியான இடம். ஆடாமல் இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. டாப் டெட் சென்டர் என்றால் 'பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை' என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

அப்புறம் நோட்டை வேறு மாதிரி எழுதினேன். அகர வரிசையை விட்டுவிட்டு, ஒரே வேலை செய்கிற சொற்களை ஒன்றாகச் சேர்த்தேன். டேப்பெட் கிளியரன்ஸ், பிளக் கேப், செயின் ஸ்லாக், கிளட்ச் ஃப்ரீ பிளே, ரிங் எண்ட் கேப்: ஐந்துமே இடைவெளிதான். அந்த இடைவெளி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி. டேப்பெட்டில் இல்லையென்றால், சூட்டில் நீளும் வால்வு சீட்டில் சரியாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வே கருகும். கிளட்ச் லீவரில் இல்லையென்றால் பிளேட் வழுக்கித் தேயும். செயினில் இல்லையென்றால், பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அசைய இடமில்லாமல் பேரிங் அடிவாங்கும். கோன் செட்டில் மட்டும் கதை தலைகீழ், அங்கே ஆட்டம் இருந்தால்தான் கோளாறு. வாய்மொழித் தேர்வில் 'ஏன்' என்று தோண்டும்போது இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும், அந்தந்த மேனுவலைப் பாருங்கள்.

கணக்குப் பேப்பரில் போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொடுத்து சி.சி. கேட்பார்கள். ஸ்ப்ளெண்டரை வைத்துப் பழகுங்கள்: போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. முதலில் செ.மீ. ஆக்குங்கள், பிறகு விட்டத்தில் பாதியை எடுங்கள். 3.1416 × 2.5 × 2.5 × 4.95, ஏறக்குறைய 97.2 சி.சி. பாதியாக்க மறந்த என் நண்பனுக்கு 389 சி.சி. ஸ்ப்ளெண்டர் கிடைத்தது. இன்றைக்கும் அவன் வண்டியை எடுக்கும்போதெல்லாம் "பார்த்து முறுக்குடா" என்றுதான் சொல்கிறோம்.