துருக்கி லிரா ஆல்பம்: ஏழாவது மாதக் குறிப்பு

கடந்த ஏழு மாதங்களாக நான் தயாரித்து வரும் ஆல்பத்தின் திட்டம், தொடங்கும்போது மிக எளிதாகவே தோன்றியது. முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் துருக்கியில் புழங்கிய பணத்தாள்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த ஆண்டில் ஒரு லிரா எத்தனை மில்லிகிராம் தங்கத்துக்குச் சமமாக இருந்தது என்பதை நானே கணக்கிட்டு ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும் என்பதே அது. முப்பது ஆண்டுகள் வங்கிக் கவுண்டரில் பிறர் பணத்தை எண்ணியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைக்காது என்று வீட்டில் சொன்னார்கள். இன்று ஆல்பத்தில் அசல் தாள்கள் ஐந்தும், வாங்க வசதி இல்லாத உயர்மதிப்புத் தாள்களுக்குப் பதிலாக 'படி' என்று பென்சிலால் குறித்த அச்சுப் படங்கள் நான்கும் இருக்கின்றன. சீட்டுகளில் பாதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அதற்கான காரணத்தைத்தான் முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

குடியரசு வெளியிட்ட முதல் வரிசையைச் சேர்ந்த 1 லிரா தாள், இரண்டு மாடுகளைப் பூட்டி உழுகிற விவசாயியின் படத்துடன், நான்கு மடிப்புகளும் ஓரத்தில் ஒரு கிழிசலுமாக வந்து சேர்ந்தது. விற்றவர் கிழிசலைப் பற்றிச் சொன்னார். நடு மடிப்பில் மெல்லிய திசுத்தாளை ஒட்டிப் பழுது பார்த்திருந்ததை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். பணம் கொடுத்து முடித்த பின் வெளிச்சத்தில் பார்ப்பது எந்த நாட்டு வழக்கம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, பிவிசி உறையில் வந்ததை, தாளைக் கெடுக்காத மைலார் உறைக்கு மாற்றினேன். அந்தத் தாளில் வாசகங்கள் அரபு எழுத்தில் எழுதிய பழைய துருக்கியிலும், மதிப்பு பிரெஞ்சிலும் அச்சாகியுள்ளன. எனக்கு இரண்டும் தெரியாது. ஆம்பூர்க்காரரான ஒரு நண்பருக்கு உருது நன்றாகத் தெரியும் என்பதால் அவரிடம் கொண்டுபோனேன். "பாஷை நம்மது இல்ல தம்பி, எழுத்து நம்மதுதான்" என்று சொல்லி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு தேதியைப் படித்துக் காட்டினார்: 30, கானூன்-இ எவ்வெல், 1341. கானூன்-இ எவ்வெல் என்றால் டிசம்பர்.

இஸ்லாமியச் சந்திர ஆண்டான ஹிஜ்ரியில் 1341 என்பது 1922 ஆகஸ்டில் தொடங்கி 1923 ஆகஸ்டில் முடிகிறது. துருக்கி குடியரசானது 1923 அக்டோபர் 29 அன்று. இரண்டும் அருகருகே இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, சற்றும் யோசிக்காமல் '1922-23' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். குடியரசு பிறப்பதற்கு முன்பே குடியரசின் பணத்தாளுக்கு எப்படிச் சட்டம் வந்தது என்ற கேள்வி உறைக்க மூன்று வாரங்கள் ஆயின. குடியரசுக்கு முன் ஆண்ட ஒட்டோமான் அரசு வரவுசெலவுக்கும் அலுவல்களுக்கும் வைத்திருந்தது ஹிஜ்ரி அன்று, ரூமி என்ற சூரிய ஆண்டுக் கணக்கு. அதன் கடைசி ஆண்டுகளில் 584 கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். ஆகவே 1341 என்பது 1925. அந்தத் தேதி, புதிய தாள்களை அச்சிட அதிகாரம் தந்த 701ஆம் எண் சட்டத்தின் தேதி. இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் வந்த இரண்டே நாளில், 1926 ஜனவரி 1 முதல், துருக்கி அந்த நாட்காட்டியையே கைவிட்டுவிட்டது. லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட தாள்கள் 1927 டிசம்பர் 5 அன்று புழக்கத்துக்கு வந்தபோது அவற்றில் இருந்த தேதி காலாவதியான கணக்கில் இருந்தது. அடுத்த பதினொரு மாதங்களுக்குள், 1928 நவம்பர் 1 அன்று, லத்தீன் எழுத்துச் சட்டம் வந்து அந்தத் தாளின் எழுத்தையும் காலாவதியாக்கியது. அரபு எழுத்தைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் விலக்கிய நாடு, அதே எழுத்துள்ள தாளைக் குறைந்தது 1937 வரை சட்டைப் பையில் வைத்திருந்தது.

இந்தக் குழப்பத்தைச் சரிசெய்யும் வேளையில்தான், ஆல்பத்தின் முதல் பக்கத்துக்காக வரைந்த வரைபடத்தில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. 1915 முதல் 1918 வரை, போர்ச் செலவுக்காக ஒட்டோமான் அரசு சுமார் 16 கோடி லிராவுக்குக் காகிதப் பணம் வெளியிட்டிருந்தது. நோட்டு வெளியிடும் உரிமை 1863 முதல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் மூலதனத்தில் இயங்கிய ஒட்டோமான் வங்கியிடம் இருந்தது. அதன் பங்குதாரர்கள் எதிரி நாடுகளில் இருந்த நிலையில் அரசே அச்சடித்துக்கொண்டது. முதல் வெளியீட்டுக்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தந்த தங்கம் ஈடாக இருந்தது. பிந்தையவற்றுக்கு ஜெர்மன் கருவூலப் பத்திரங்கள் மட்டுமே. குடியரசு பொறுப்பேற்றபோது அவற்றில் 15.8 கோடிக்குச் சற்று அதிகமான தாள்கள் மக்கள் கையில் இருந்தன. 1927இல் புதிய தாள்களை லிராவுக்கு லிரா என்று மாற்றிக் கொடுத்து, பழையவற்றை 1928 செப்டம்பருக்குள் திரும்பப் பெற்றபோதும் அதே அளவுதான். என் வரைபடத்தில் கோடு 1918 வரை ஏணி போல ஏறி, அதற்குப் பின் ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு போல மட்டமாக ஓடுகிறது. முதலில் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்றே நினைத்து, எண்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.

தவறு இல்லை. தொப்பியை மாற்றினார்கள், நாட்காட்டியை மாற்றினார்கள், எழுத்தை மாற்றினார்கள். புழக்கத்தில் இருந்த தாளின் அளவில் மட்டும் கை வைக்கவில்லை. போர்க்காலத்து விலையேற்றத்தை நேரில் கண்ட தலைமுறைக்கு அச்சகத்தின் மீது இருந்த அச்சம் ஒரு காரணம். பணத்தாளைப் பருவத்துக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் பெற்ற நிறுவனம் எதுவும் இல்லை என்பது மற்றொரு காரணம். இஸ்மீர் துறைமுகத்தில் அத்தியும் உலர்திராட்சையும் கப்பல் ஏறும் இலையுதிர்காலத்தில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்து லிரா உயரும், இறக்குமதிக்கான தேவை மிகும் வசந்தத்தில் இறங்கும் என்ற ஊசலாட்டம் ஆண்டுதோறும் நடந்தது. சீர்திருத்தங்களில் துணிச்சலுக்குப் பேர்போன ஓர் அரசு, பணத்தில் மட்டும் இத்தனை பழமைவாதியாக இருந்தது என்பதே இந்த ஆல்பம் எனக்குக் கற்றுத் தந்த புதிய செய்தி.

1929இல் அந்த நிலை குலைந்தது. போருக்குப் பின் வல்லரசுகளுடன் செய்துகொண்ட லோசான் சமாதான ஒப்பந்தம் சுங்க வரிகளை அதுவரை கட்டிப்போட்டிருந்தது. கட்டு அவிழ்ந்து வரி உயரப் போகிறது என்று தெரிந்ததும் வணிகர்கள் முன்கூட்டியே சரக்கை இறக்கிக் குவித்தார்கள். ஒட்டோமான் கடனின் தவணையையும் அதே காலத்தில் கட்ட வேண்டியிருந்தது. லிரா வீழ்ந்தது. 1930 பிப்ரவரி 20 அன்று 1567ஆம் எண் சட்டம், அதாவது துருக்கிப் பணத்தின் மதிப்பைக் காக்கும் சட்டம், தற்காலிக ஏற்பாடாக வந்து இன்றும் நீடிக்கிறது. ஜூன் 11 அன்று மத்திய வங்கிக்கான சட்டமும் நிறைவேறியது.

என் தங்கச் சீட்டுகளுக்கான கணக்கு இங்கேதான் சுவை பெற்றது. 1930இல் ஒரு பவுண்டு ஸ்டெர்லிங்குக்கு 10 லிரா 30 குருஷ் (ஒரு லிராவுக்கு 100 குருஷ்) என்று நிறுத்தினார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தைத் தங்கத்துடன் இணைப்பதைக் கைவிட்டதும் லிராவை பிரெஞ்சு பிராங்குடன் கட்டி, ஒரு லிராவுக்கு 12.06 பிராங்க் என்றார்கள். இந்த 12.06 எங்கிருந்து முளைத்தது என்று குழம்பி, இரு பணங்களின் தங்க அளவையும் ஒப்பிட்டால் ஒரு பவுண்டுக்கு வந்த 124.21 பிராங்கை 10.30ஆல் வகுத்தேன். விடை 12.06! புதிய விகிதம் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பழையதையே வேறு ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பிராங்கில் 58.95 மில்லிகிராம் தூய தங்கம். எனவே ஒரு லிராவுக்கு ஏறத்தாழ 711 மில்லிகிராம். ஒட்டோமான் தங்க லிராவில் தூய தங்கம் 6.615 கிராம் என்பதால், ஒரு தங்க லிராவுக்குக் காகித லிரா 9.30 கொடுக்க வேண்டும். ஆல்பத்தின் போர்க்காலத் தாளில், பின்னர் தங்க லிராவில் மாற்றித் தரப்படும் என்ற வாக்குறுதி இருக்கிறது. அதன் கீழே இந்த 9.30ஐ எழுதி ஒட்டியபோது எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது.

அடுத்து டாலரைச் சேர்த்தேன். அமெரிக்கா மதிப்பைக் குறைப்பதற்கு முன் ஒரு டாலர் 25.52 பிராங்க், அதாவது 2.12 லிரா. 1934 ஜனவரிக்குப் பிறகு சுமார் 15.07 பிராங்க், அதாவது 1.25 லிரா. அங்காராவில் யாரும் எதுவும் செய்யாமலேயே லிரா அவ்வளவு வலுப்பெற்றது. இதைக் கொள்கையின் வெற்றி என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அது அத்தனை எளிதாகத் தோன்றவில்லை. தாளில் உழுதுகொண்டிருக்கும் அந்த விவசாயியின் கோதுமை விலை அதே நெருக்கடி ஆண்டுகளில் பாதிக்கும் மேல் சரிந்தது. 1932இல் அரசு வேளாண் வங்கியான ஸிராத் வங்கியின் வழியாகக் கோதுமையை வாங்கத் தொடங்கியதும், ஜெர்மனி போன்ற நாடுகளுடன் ரொக்கமின்றிச் சரக்குக்குச் சரக்கு கணக்குத் தீர்க்கும் உடன்பாடுகள் செய்ததும், மானத்துக்காகப் பிடித்து வைத்த விகிதத்தின் சுமையை வேறு வழிகளில் இறக்கி வைக்கும் முயற்சிகள் என்றே நான் படிக்கிறேன்.

மத்திய வங்கிக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நெதர்லாந்தின் விசரிங், ஜெர்மனியின் கார்ல் முல்லர் என்று பல அறிஞர்கள் வந்து அறிக்கை தந்தார்கள். லோசான் பேராசிரியர் லியோன் மோர்ஃப் சட்ட வரைவுக்கு உதவினார். வங்கி 1931 அக்டோபர் 3 அன்று கதவைத் திறந்தது. ஒன்றரைக் கோடி லிரா மூலதனத்தில் அரசின் பங்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே சொன்னது. பெயரிலும் அந்தக் கவனம் இருந்தது. துருக்கியில் 'ஜும்ஹூரியெதி' என்று உருபு சேர்த்திருந்தால் 'குடியரசினுடைய மத்திய வங்கி' என்றாகும்; உருபைத் தவிர்த்து 'ஜும்ஹூரியெத் மெர்கெஸ் பாங்காஸி' என்று வைத்தார்கள். ஆறாம் வேற்றுமையை விட்டுவிட்டதன் மூலம் ஒரு வங்கியின் தன்னாட்சியைச் சொல்ல முடியும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

அதே பக்கத்தில் ஒரு தீப்பெட்டி லேபிளும் இருக்கிறது. தாள் சேகரிப்போர் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் 1930இல் ஸ்வீடனின் தீப்பெட்டி முதலாளி இவார் க்ரூகரின் குழுமம் துருக்கியில் தீப்பெட்டி ஏகபோகத்தைப் பெற்று, அதற்கு ஈடாகத் தந்த 1 கோடி டாலர் கடன்தான் மத்திய வங்கிக்கான தங்க இருப்புக்கு வழி செய்தது. 1932 மார்ச்சில் பாரிஸில் க்ரூகர் இறந்ததும் அவருடைய சாம்ராஜ்யம் சரிந்தது, மத்திய வங்கியோ நிலைத்து நின்றது. நான் ஒட்டியிருப்பது துருக்கி லேபிள் அன்று, விம்கோ லேபிள். அதே ஸ்வீடிஷ் குழுமத்தின் இந்தியக் கிளையான விம்கோ நம் திருவொற்றியூரில் தொழிற்சாலை நடத்தியது; அதன் பெயரில் இன்று மெட்ரோ நிலையமே இருக்கிறது. துருக்கி லேபிள் கிடைக்கும்வரை இது இடம் பிடித்து வைத்திருக்கட்டும்.

இந்தியத் தொடர்பு இன்னொன்றும் உண்டு. 1924 ஆகஸ்ட் 26 அன்று ஜெலால் பயாரின் தலைமையில் தொடங்கிய இஷ் வங்கியின் 10 லட்சம் லிரா மூலதனத்தில், முதலில் செலுத்திய இரண்டரை லட்சத்தைக் குடியரசுத் தலைவர் முஸ்தபா கமால் கொடுத்தார். கிலாபத் இயக்க நாட்களில் இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய நிதியில் எஞ்சியது அது. கலீபா பதவியை அதே ஆண்டு மார்ச்சில் ஒழித்த நாட்டில், அந்தப் பதவியைக் காக்க அனுப்பிய காசு வங்கியாக மாறியது என்று ஆம்பூர் நண்பரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காசு வீணாப் போகலையே" என்றார்.

கடைசிப் பக்கம் இன்னும் முடியவில்லை. லத்தீன் எழுத்தில் வந்த முதல் தாளான 5 லிரா, 1937 அக்டோபர் 15 அன்று மத்திய வங்கியின் பெயரில் வெளியானது. அதற்கு 'படி' மட்டுமே வைத்திருக்கிறேன். 1936இல் பிராங்க் வீழ்ந்த பிறகு லிராவை ஸ்டெர்லிங்குடன் கட்டியதால் என் தங்கக் கணக்கின் முறையே மாறுகிறது. அதற்கு லண்டன் தங்கச் சந்தையின் விலைப் பட்டியலை மாதவாரியாக உள்ளிட வேண்டும். இதுவரை நவம்பர் வரை வந்திருக்கிறேன். 5 லிராவின் சீட்டைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.